கிராமத்து லாயத்தில் குதிரையை விடப்போகிறேன்: எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது?

மேட்டுநிலம் எழுதியது:

வணக்கம். என் குதிரைக்கு ஒன்பது வயது, காயடித்த ஆண். இதுவரை வீட்டை ஒட்டிய கொட்டிலில் என் கண்பார்வையிலேயே வளர்ந்தான். வேலை மாற்றத்தால் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டிய நிலை. போகிற வீட்டில் குதிரைக்கு இடமில்லை. அங்கிருந்து முக்கால் மணி நேரப் பயணத்தில் ஒரு பண்ணை இருக்கிறது. மாடும் வளர்க்கிறார்கள், ஒரு பக்கம் லாயமும் உண்டு. மாதக் கட்டணத்துக்கு வெளியாட்களின் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். இப்போது பத்துப் பன்னிரண்டு குதிரைகள் அங்கே நிற்கின்றன.

இரண்டு ஏற்பாடு சொல்கிறார்கள். ஒன்று, தனிக் கொட்டில்: தீவனம், தண்ணீர், சுத்தம் எல்லாம் அவர்கள் பொறுப்பு, பகலில் சில மணி நேரம் வெளியே விடுவார்கள். இன்னொன்று, மேய்ச்சல் நிலத்தில் மற்ற குதிரைகளோடு இரவும் பகலும் இருப்பது, மழைக்கு ஒதுங்க ஒரு திறந்த கொட்டகை மட்டும். இரண்டாவதற்குக் கட்டணம் குறைவு.

என்னால் தினமும் போக முடியாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போகலாம். சவாரி மைதானம், சேணம் வைக்கும் அறை எல்லாம் அழகாக வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை. இவன் கூட்டத்தில் இருந்து பழகாதவன், அதுவும் கவலையாக இருக்கிறது.

லாயக்காரி எழுதியது:

நான் லாயம் நடத்துகிறவள், அதனால் உள்பக்கத்திலிருந்து சொல்கிறேன். சவாரி மைதானத்தை மறந்துவிடுங்கள். அதில் உங்கள் குதிரை இருக்கப்போவது வாரத்தில் சில மணி நேரம். மீதி நேரம் எங்கே நிற்கும், என்ன மெல்லும், யார் கண்ணில் படும் என்பதுதான் விஷயம்.

முதலில் புல் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தீவன அறையைக் காட்டத் தயங்குகிற இடத்தில் குதிரையை விடாதீர்கள். உலர்புல் கட்டு ஒன்றைப் பிரித்து நடுவில் கையை விடுங்கள். சூடாகவோ பிசுபிசுவென்றோ இருக்கக் கூடாது. ஒரு கைப்பிடி எடுத்து உதறுங்கள். வெள்ளையாகத் தூசி பறந்தால், பூசண வாடை அடித்தால், அது குதிரைக்கு ஆகாது. மாடு அதைத் தாங்கிக்கொள்ளும். குதிரைக்கு இருமல் வரும், மூச்சுக்குழாய் வீங்கும், வயிற்றுவலியும் வரலாம்.

அப்புறம் அளவு. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம், அதாவது ஈரம் நீக்கிய கணக்கில் ஏழரையிலிருந்து பத்துக் கிலோ வரை புல் வகைத் தீவனம் உள்ளே போக வேண்டும். “எவ்வளவு புல் போடுவீர்கள்?” என்று கேட்டால் “போதுமான அளவு” என்பார்கள். அதை விடாமல் “எத்தனை கிலோ, எத்தனை வேளை, கடைசி வேளை எத்தனை மணிக்கு?” என்று கேளுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போட்டுவிட்டு மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் அடுத்தது என்றால், நடுவில் பல மணி நேரம் குதிரை வெறும் வயிற்றோடு நிற்கும். அதன் இரைப்பையில் அமிலம் இருபத்துநாலு மணி நேரமும் சுரந்துகொண்டே இருக்கிறது. அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். லாயத்துக் குதிரைகளுக்கு இரைப்பைப் புண் இவ்வளவு அதிகமாக வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

புல்லைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டும் லாயங்களும் உண்டு. தானியம் போடுவது சீக்கிரம் முடியும் வேலை, குதிரையும் பளபளவென்று தெரியும். ஆனால் அதன் இரைப்பை உடம்போடு பார்த்தால் மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். ஒரே வேளையில் நிறையத் தானியம் போனால் செரிக்காத மாவுச்சத்து பின்குடலுக்குப் போய் அங்கே புளிக்கும். வயிற்றுவலி, குளம்பழற்சி (குளம்புக்குள் திசு வீங்கி வலிக்கும் நோய்) இரண்டுக்கும் அது நேர்வழி. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது.

குளம்படி எழுதியது:

முள்கம்பி வேலி என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். மாட்டுப் பண்ணை என்கிறீர்கள், அதனால்தான் சொல்கிறேன். மாடு கம்பியில் பட்டால் நின்று பின்வாங்கும். குதிரை பட்டால் இழுத்துக்கொண்டு ஓடும். முழங்காலுக்குக் கீழே குதிரைக்குச் சதையே கிடையாது. தோல், நரம்பு, தசைநாண், எலும்பு அவ்வளவுதான். அங்கே கிழிந்தால் ஆற மாதக்கணக்காகும்.

வெள்ளைப்பிடரி எழுதியது:

தனிக் கொட்டிலையே எடுங்கள். தினமும் போக முடியாதவர் கூட்டத்தில் விட்டால் என்ன நடக்கிறது என்றே தெரியாது. என் பெட்டைக் குதிரையை ஒரு பண்ணையில் கூட்டத்தோடு விட்டிருந்தேன். பின்னங்கால் மூட்டில் உதை வாங்கி வீங்கிக் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் போனபோதுதான் அங்கே இருந்தவர்களுக்கே தெரிந்தது. கொட்டிலில் இருந்தால் தினமும் ஒருவர் புல் போட வருவார், தண்ணீர் வைக்க வருவார், குதிரை எதிரேயே நிற்கும்.

பச்சைமேடு எழுதியது:

வெள்ளைப்பிடரி, உங்கள் குதிரைக்கு நடந்தது வருத்தம். ஆனால் அங்கே தவறு கூட்டத்தில் இல்லை. பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. கொட்டிலில் இருந்தாலும் வாளியைக் கம்பிக்கு மேலாகக் கவிழ்த்துவிட்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். குதிரை தலையைத் தொங்கப்போட்டு நிற்பதை அவர்களும் கவனிக்க மாட்டார்கள்.

இயற்கையாக மேயும் குதிரை ஒரு நாளில் பாதிக்கு மேல் மேய்ந்தபடியே இருக்கும். மேய்வது என்றால் நடப்பதும்தான். நடந்தால் குடல் அசையும், குளம்புக்கு ரத்தம் ஓடும், மூட்டு இறுகாது. பகல் இரவு முழுக்க நாலு சுவருக்குள் நிற்கிற குதிரை கட்டையைக் கடித்துக் காற்று விழுங்கும், வாசலில் நின்று இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு வெளியே விட்டாலும் முழுக்கப் போகாது. போய்ப் பார்க்கும்போது கொட்டில் கதவுகளின் மேல்விளிம்பைப் பாருங்கள். அரைவட்டமாகக் கடிபட்டுத் தேய்ந்திருக்கும் கதவுகள் வரிசையாக இருந்தால், அந்த லாயத்தில் குதிரைகள் வெளியே போவது எவ்வளவு குறைவு என்று கதவே சொல்லிவிடும்.

தூக்கத்தையும் யோசியுங்கள். குதிரை நின்றபடி கண்ணயரும், உண்மைதான். ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். தினமும் அரைமணி நேரமாவது அது தேவை. பக்கத்தில் இன்னொரு குதிரை காவல் நிற்கும் தைரியம் இருந்தால்தான் பல குதிரைகள் படுக்கும்.

வெள்ளைப்பிடரி எழுதியது:

நடமாட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பகலில் வெளியே, இரவில் கொட்டில். அவர் குதிரை இதுவரை கூட்டத்தையே பார்த்ததில்லை. நேராகக் கொண்டுபோய் பத்துக் குதிரைகளுக்கு நடுவே அவிழ்த்துவிட்டால் யார் பொறுப்பு?

பச்சைமேடு எழுதியது:

நேராக அவிழ்த்துவிடக் கூடாது, அதில் இருவருக்கும் ஒரே கருத்துதான். செய்கிற முறை இருக்கிறது. முதலில் பக்கத்து அடைப்பில் விட்டு, வேலிக்கு மேலாக முகர்ந்து பழகச் சில நாள். அப்புறம் கூட்டத்தில் சாதுவான ஒரு குதிரையை மட்டும் இவனோடு சேர்த்துவிடுவது. அந்த இரண்டும் ஒன்றாக மேயத் தொடங்கிய பிறகுதான் மற்றவை. பின்னங்கால் லாடம் போட்ட குதிரைகளைப் புதுக் குதிரையோடு விடக் கூடாது. வெறுங்குளம்பு உதைத்தால் வீங்கும், லாடம் போட்ட குளம்பு உதைத்தால் எலும்பே முறியலாம்.

இடமும் முக்கியம். முட்டுச்சந்து போல மூலை இருக்கும் அடைப்பு ஆகாது. ஒதுங்கும் கொட்டகையின் வாய் அகலமாக இருக்க வேண்டும். குறுகலான ஒரே வழி என்றால் முரட்டுக் குதிரை வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிடும், உள்ளே இருப்பது மாட்டிக்கொள்ளும். புல் குவியல்கள் குதிரைகளின் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு கூடுதலாக, தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். விரட்டப்பட்ட குதிரைக்கு அடுத்த குவியல் காத்திருக்கும், பட்டினி கிடக்காது.

மேட்டுநிலம், இதையெல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். “புதுக் குதிரை வந்தால் எப்படிச் சேர்ப்பீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். என்ன பதில் வருகிறது என்று பார்த்தாலே போதும்.

மருந்துப்பை எழுதியது:

கால்நடை மருத்துவர் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டும் இதுவரை யாரும் தொடாதவை.

முதலாவது, மாட்டுத் தீவனம். அந்தப் பண்ணையில் மாடும் இருக்கிறது என்றதும் எனக்கு மனதில் வந்தது இதுதான். மாடு, கோழித் தீவனங்கள் சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்தைக் கலப்பார்கள். மாட்டுக்கு அது பாதுகாப்பானது. குதிரைக்கு நஞ்சு. உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் போனாலே உயிர் போகலாம். இதயத் தசையைத் தாக்கும். பிழைத்த குதிரைக்கும் இதயம் பலவீனமாகிப் பின்னொரு நாள் சவாரியின்போது விழுந்துவிடும் அபாயம் உண்டு. முறிமருந்து கிடையாது. அதனால் இரண்டு தீவனமும் ஒரே அறையில் இருக்கிறதா, ஒரே வாளியால் அள்ளுகிறார்களா, தீவனம் வாங்கும் ஆலையில் இரண்டையும் ஒரே இயந்திரத்தில் கலக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இரண்டாவது, தனிமைப்படுத்தல். புதிதாக வரும் குதிரையை இரண்டு மூன்று வாரம் தனியாக வைக்கிறார்களா? தொண்டைக் கட்டி நோய், ஸ்ட்ராங்கிள்ஸ் என்பார்கள், தாடைக்குக் கீழே நிணநீர்க் கட்டி வீங்கிச் சீழ் வைக்கும். கிருமி தொற்றிய பிறகு அறிகுறி தெரிய 3 முதல் 14 நாள் வரை ஆகும். நேற்று நலமாக வந்திறங்கிய குதிரை இன்று மொத்த லாயத்துக்கும் பரப்பிக்கொண்டிருக்கலாம். தண்ணீர்த் தொட்டி, வாளி, தலைக்கயிறு, ஆட்களின் கை எல்லாவற்றின் மூலமும் பரவும். “வந்த அன்றே சேர்த்துக்கொள்கிறோம், தனியாக வைக்க வேண்டியதில்லை” என்று சொன்னால் உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் உங்களுக்கு அடுத்து வரும் குதிரையையும் அப்படித்தான் சேர்ப்பார்கள்.

டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? குதிரைக்கு அது தவறவே கூடாது. மற்ற விலங்குகளைவிட இதற்கு டெட்டனஸ் எளிதில் வரும். கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது.

மேட்டுநிலம் எழுதியது:

டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறேன் டாக்டர். மொனென்சின் பற்றி இப்போதுதான் முதல்முறை கேள்விப்படுகிறேன். மிக்க நன்றி. எல்லாரும் சொன்னதைக் குறித்துக்கொண்டு சனிக்கிழமை மறுபடி போகிறேன். ஒப்பந்தம் எழுதித் தருவதாகச் சொன்னார்கள். அதில் என்ன இருக்க வேண்டும்?

கடிவாளம் எழுதியது:

ஒப்பந்தத்தில் கட்டணமும் தேதியும் எப்படியும் இருக்கும். இல்லாமல் போவது அவசர நிலை பற்றிய பகுதி. அதை எழுதி வாங்குங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் குதிரை வயிற்றுவலியில் புரள்கிறது. உங்கள் போன் எடுக்கப்படவில்லை. அப்போது அவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள்? உங்கள் அனுமதி இல்லாமல் மருத்துவரை வரவழைக்கலாமா? எவ்வளவு செலவு வரை அவர்களே முடிவு செய்யலாம்? அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகச் சம்மதமா, இல்லையா? குதிரையை ஏற்றிப்போக வண்டி அங்கேயே இருக்கிறதா, யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டுமா? பிழைக்க வழியே இல்லை, வலி தாங்கவில்லை என்று மருத்துவர் சொன்னால் கருணைக்கொலைக்கு ஒப்புக்கொள்வது யார்? இந்தக் கடைசிக் கேள்வியை எழுத மனம் வராது. எழுதிவைக்காவிட்டால் அந்த நேரத்தில் ஒருவரும் முடிவெடுக்க முடியாமல் குதிரைதான் துடிக்கும். நம்பகமான இன்னொருவர் பெயரையும் எண்ணையும் இரண்டாவது தொடர்பாகக் கொடுங்கள்.

மற்றவை சீக்கிரம் சொல்கிறேன். உங்களைத் தவிர வேறு யாரும் ஏறக் கூடாது என்றால் அதை எழுதுங்கள். சவாரிப் பயிற்சி நடக்கும் லாயங்களில் “சும்மா நிற்கிறதே” என்று ஏற்றிவிடுவார்கள். விலகுவதற்கு எவ்வளவு நாள் முன்னறிவிப்பு என்பதும் வேண்டும். கட்டண பாக்கி இருந்தால் குதிரையை விடாமல் நிறுத்திவைக்கும் உரிமையைப் பல இடங்களில் சட்டமே லாயத்துக்குக் கொடுக்கிறது, ஆகவே பணம் கட்டியதற்கு ரசீது வாங்கிக்கொண்டே வாருங்கள். இடமாற்றத்துக்கு முன் குதிரையை நான்கு பக்கமும் படம் எடுத்து, தழும்பு, சுழி, மைக்ரோசிப் எண் எல்லாம் பதிவு செய்துவையுங்கள்.

குளம்படி எழுதியது:

லாடம் அடிப்பவர் யார், எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை வருவார் என்று கேட்டீர்களா? ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் குளம்பு சீவ வேண்டும், லாடம் இல்லாவிட்டாலும். “உரிமையாளர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்” என்றால் சரி, ஆனால் நீங்கள் இல்லாத நாளில் அவர் வந்தால் குதிரையைப் பிடித்துக்கொள்ள ஆள் உண்டா? நின்றுபோகிற வேலை இதுதான்.

குதிரைகளின் குளம்பைத் தூக்கிப் பாருங்கள் என்று சொல்லமாட்டேன், அந்நியக் குதிரையைத் தொடக் கூடாது. நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். முன்குளம்பு நீண்டு செருப்பு முனை போல வளைந்திருந்தால் சீவிப் பல மாதமாகிறது.

மேட்டுநிலம் எழுதியது:

போய்வந்தேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லாமல் காலையிலேயே போனேன். தீவன வேளை. லாயத்தைப் பார்த்துக்கொள்பவர் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், அதிகம் பேசாதவர். புல் போட்டுவிட்டு அடுத்த கொட்டிலுக்கு ஓடவில்லை. ஒவ்வொரு கொட்டிலிலும் முதலில் தண்ணீர் வாளியை எட்டிப் பார்த்தார், அப்புறம் தரையில் லத்தியைக் காலால் தள்ளிப் பார்த்தார். ஒரு சாம்பல் நிறக் கிழக்குதிரையிடம் மட்டும் நின்று, அது மெல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார். ஏன் என்று கேட்டதற்கு, “ஒரு பக்கப் பல் தேய்ந்துபோச்சு, நாலு நாளா புல்லை உருண்டையாக்கித் துப்புறான், பல் டாக்டர் வரணும்” என்றார். கீழே பார்த்தேன். பாதி மென்ற புல் சின்னச் சின்னச் சுருளாக ஈரத்தோடு கிடந்தது.

புல் நன்றாக இருக்கிறது, தூசி இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு வேளை போடுகிறார்கள். பத்துக் கிலோவை வலையில் அடைத்துத் தராசில் தொங்கவிட்டுக் காட்டினார். வேலி மரச் சட்டம், மாட்டுப் பக்கம் மட்டும் முள்கம்பி, இரண்டுக்கும் நடுவே வண்டிப் பாதை.

நெருடலான விஷயங்கள்: மாட்டுத் தீவன மூட்டையும் குதிரைத் தீவனத் தொட்டியும் ஒரே அறையில், எதிரெதிர்ச் சுவரில் இருக்கின்றன. அள்ளும் வாளி வேறு வேறு என்கிறார்கள். உலர்புல் முழுவதும் கொட்டில்களுக்கு மேலே பரணில் அடுக்கியிருக்கிறது. மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் அரளிச் செடிகள் பூத்து நிற்கின்றன. புதுக் குதிரையைத் தனியாக வைக்கும் வழக்கம் இல்லை, கேட்டால் செய்கிறோம் என்றார் உரிமையாளர்.

லாயக்காரி எழுதியது:

அந்த மனிதர் இருக்கும்வரை அந்த லாயம் நல்ல லாயம். லத்தியைக் காலால் தள்ளிப் பார்க்கிறவர் கையில் குதிரையைத் தைரியமாக விடலாம். அவர் விடுப்பில் போகும் நாட்களில் யார் பார்ப்பார்கள் என்றும் கேட்டுவையுங்கள்.

பரண் எனக்குப் பிடிக்கவில்லை. புல் சரியாகக் காயாமல் 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு கட்டப்பட்டால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடேறும். அடுக்கிய முதல் சில வாரங்களில் தானாகவே தீப்பிடிக்கலாம். கீழே குதிரைகள் பூட்டிய கதவுக்குள். தனிக் கொட்டகையில் வைப்பதுதான் முறை. அதை உடனே மாற்ற மாட்டார்கள் என்றால், புதுக் கட்டுகள் மேலே போகும் முன் ஈரம் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். கொட்டில் கதவுகள் வெளிப்புறம் திறக்கின்றனவா, தாழ்ப்பாள் ஒரே கையால் திறக்கிறதா, ஒவ்வொரு கதவிலும் தலைக்கயிறு தொங்குகிறதா என்பதையும் பாருங்கள். புகைக்குள் தலைக்கயிறைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மருந்துப்பை எழுதியது:

அரளி வெட்டப்படும் வரை அங்கே விடாதீர்கள். இலை, தண்டு, பூ எல்லாமே இதயத்தை நிறுத்தும் நஞ்சு. காய்ந்த இலையிலும் நஞ்சு குறையாது. பச்சையாக இருக்கும்போது கசப்பால் குதிரை ஒதுக்கும். வெட்டிப்போட்ட கிளை வாடிய பிறகு தின்றுவிடும். அதனால் வெட்டினால் மட்டும் போதாது, ஓர் இலை விடாமல் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும், வேரையும் தோண்டி எடுக்க வேண்டும்.

தீவன அறை: வாளி வேறு என்பது போதாது. மாட்டுத் தீவனத்தை வேறு அறைக்கு மாற்றச் சொல்லுங்கள். அந்த மூட்டையின் மேல் ஒட்டிய சீட்டில் என்ன மருந்து கலந்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள், படம் எடுத்து இங்கே போட்டாலும் பார்த்துச் சொல்கிறேன்.

இன்னொன்று. உங்கள் குதிரையின் இயல்பான அளவுகளை நீங்களே இப்போது எடுத்து ஓர் அட்டையில் எழுதிக் கொட்டில் கதவில் மாட்டுங்கள். ஓய்வில் இருக்கும்போது நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் என்பது பொது அளவு. உங்கள் குதிரையின் நாடி வழக்கமாக 32 என்றால், ஒருநாள் 44 என்பது அவனுக்கு அதிகம். தாடை எலும்பின் கீழ்விளிம்பில் விரலால் தடவினால் கயிறு போல நாடி உருளும், அங்கே எண்ணலாம். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, காலால் தரையைப் பறிப்பது, படுத்துப் படுத்து எழுவது, லத்தி போடாமல் இருப்பது, இவற்றோடு நாடி 60ஐத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

வெள்ளைப்பிடரி எழுதியது:

ஒரு கேள்வி எனக்கும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பார்க்கிறவருக்குக் குதிரை இளைக்கிறது என்று எப்படித் தெரியும்? என் பெட்டை மெல்ல மெல்ல இளைத்தாள், முடி அடர்ந்த காலத்தில் கண்ணுக்கே தெரியவில்லை.

லாயக்காரி எழுதியது:

கண்ணை நம்பாமல் கையையும் நாடாவையும் நம்பலாம். தையல் நாடாவை முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றிப் போட்டு அளவு எடுங்கள். தோள் முனையிலிருந்து பின்புட்ட முனை வரை நீளம் எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 180, நீளம் 165 என்றால் 450 கிலோ. தராசு எடையிலிருந்து கொஞ்சம் விலகும், பரவாயில்லை. ஒரே ஆள் ஒரே மாதிரி மாதம் இரண்டு தடவை எடுத்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

கைக்கு, விலாவைத் தடவுங்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் டான் ஹென்னிகி 1983ல் உருவாக்கிய உடல்நிலை அளவுகோல் 1 முதல் 9 வரை போகும். 5 என்றால் விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாது, கையில் எளிதாகத் தட்டுப்படும். பெரும்பாலான குதிரைகளுக்கு அந்த இடம்தான் நல்லது. முடி எவ்வளவு அடர்ந்திருந்தாலும் விரல் கண்டுபிடித்துவிடும்.

மேட்டுநிலம் எழுதியது:

அரளியை வேரோடு எடுத்துவிட்டார்கள். நானும் கூட நின்று அள்ளினேன். மாட்டுத் தீவனம் கறவைக் கொட்டகைக்கு மாறிவிட்டது. மூட்டைச் சீட்டில் டாக்டர் சொன்ன அதே மருந்தின் பெயர் இருந்தது. உரிமையாளருக்கே அதுவரை தெரியாது. முகம் மாறிப்போய் அன்றைக்கே மாற்றினார். பரண் விஷயம் மட்டும் அடுத்த அறுவடைக்கு முன் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், விடாமல் கேட்பேன்.

இரவில் கொட்டில், பகலில் மேய்ச்சல் என்று பேசி முடித்தோம். குதிரை வந்து சேர்ந்து முதல் வாரம். இப்போது கடைசிக் கொட்டிலில் தனியாக, தனி வாளியோடு. வழக்கமாகத் தின்ற புல்லில் சில கட்டுகளைக் கூடவே கொண்டுவந்து, புதுப் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுகிறோம்.

கவலை தண்ணீர்தான். வாளிக்குள் உதட்டை நனைப்பான், தலையைத் தூக்கி மேலுதட்டைச் சுருட்டுவான், அப்படியே விட்டுவிடுவான். ஒரு நாளைக்குப் பத்து லிட்டர்கூட உள்ளே போகவில்லை என்கிறார் பார்த்துக்கொள்பவர்.

மருந்துப்பை எழுதியது:

பத்து லிட்டர் குறைவு. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு 25 லிட்டராவது வேண்டும், வெயில் நாளில் 45 வரை போகும். தண்ணீர் குறைந்தால் பெருங்குடலில் தீவனம் இறுகி அடைத்துக்கொள்ளும், இடம் மாறிய குதிரைகளுக்கு வரும் வயிற்றுவலியில் இது சகஜம். லத்தி எப்படி இருக்கிறது? உருண்டை சிறியதாக, காய்ந்து, மேலே வழவழப்பாகச் சளி படிந்திருந்தால் உடனே அங்குள்ள மருத்துவரை வரவழையுங்கள்.

இல்லையென்றால், புல்லை ஊறவைத்துச் சொட்டச் சொட்டக் கொடுங்கள், தண்ணீர் அப்படியே உள்ளே போகும். இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் அவனுக்குப் பழகிய தவிட்டைக் கைப்பிடி போட்டுக் கலக்கியது. வெறும் தண்ணீர் வாளி எப்போதும் இருக்க வேண்டும். உப்புக்கட்டியும் இருக்கட்டும்.

பச்சைமேடு எழுதியது:

படுக்கிறானா? காலையில் போகிற அன்று பிடரியிலும் வாலிலும் படுக்கையின் மரத்தூள் ஒட்டியிருக்கிறதா பாருங்கள்.

அப்படியே கொட்டிலுக்குள் குந்தி உட்கார்ந்து மூச்சை இழுங்கள். நின்றால் தெரியாத அமோனியா நெடி தரைக்குப் பக்கத்தில் கண்ணைக் கரிக்கும். படுத்திருக்கும் குதிரையின் மூக்கு அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

மேட்டுநிலம் எழுதியது:

லத்தி ஈரமாக, வழக்கம் போல இருக்கிறது. ஊறவைத்த புல்லும் தவிட்டு வாளியும் வேலை செய்கின்றன. வெறும் தண்ணீரையும் இப்போது வாளி காலியாகும் வரை குடிக்கிறான். நெடி இல்லை, குந்திப் பார்த்தேன். முதல் சில நாள் பிடரியில் ஒன்றும் இல்லை. இன்று காலை இடதுபக்கம் முழுக்க மரத்தூள், காதுக்குள்ளும்! பார்த்துக்கொள்பவர் சிரித்துக்கொண்டே, “நல்லாத் தூங்கிட்டான்” என்றார்.

தனிமைக் காலம் முடிந்ததும் அந்தச் சாம்பல் நிறக் கிழக்குதிரையோடு முதலில் சேர்க்கலாம் என்கிறார். பல் சரிசெய்தாகிவிட்டது, சாதுவானதாம். அதற்குள் மழை பெய்து மேய்ச்சல் நிலம் பச்சைப்பசேல் என்று தளிர்த்திருக்கிறது. என் குதிரை இதுவரை உலர்புல்லிலேயே இருந்தவன். முதல் நாள் எவ்வளவு நேரம் விடலாம்?

லாயக்காரி எழுதியது:

முதல் நாள் அரைமணி, அதிகம் போனால் முக்கால் மணி. இளம் புல்லில் சர்க்கரை அதிகம், பழகாத குடலுக்கு ஒரேயடியாகப் போனால் குளம்பழற்சி வரும். இரண்டு வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். காலை வெயில் ஏறும் முன் விடுவது நல்லது, பகல் முழுக்க வெயில் பட்ட புல்லில் சாயங்காலம் சர்க்கரை கூடிவிடும். வெளியே அவிழ்க்கும் முன் வயிறு நிறைய உலர்புல் தின்றிருக்க வேண்டும். கூட்டிவந்த பிறகு நான்கு குளம்பையும் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சூடாக இருந்தால், திரும்பும்போது முன்காலை வைக்கத் தயங்கினால், அன்றோடு மேய்ச்சலை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இதையும் அந்த அட்டையில் எழுதிவிடுங்கள்.